கேட்காமல் புதுப்பித்த அங்கத்துவம்: நிறுத்துவதும் காசைத் திரும்பப் பெறுவதும்

சென்ற வருடம் மார்ச் 4, இரவு ஒன்பது மணி கடந்திருக்கும். வெள்ளவத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. என் கடனட்டையில் 27,600 ரூபா கழிந்திருந்தது. எதற்கென்று புரிய எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. அதற்கு முந்திய வருடம் தொலைபேசியில் ஒருவர் கதைத்து என்னைச் சேர்த்துவிட்ட சலுகை அங்கத்துவம் அது. ஹொட்டல் சாப்பாட்டில் கழிவு, பிறந்தநாளுக்குக் கேக், ஒரு இரவு தங்க வவுச்சர் என்று சொன்னார்கள். ஒரு வருடத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னைக் கேட்காமலே இரண்டாம் வருடத்துக்கும் காசை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காசு திரும்பி வர 73 நாள் ஆனது. அதில் முதல் மூன்று கிழமை முழுவதையும் தொலைபேசியில் வீணாக்கினேன். எங்கள் மாடிவீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் அன்ரிக்கும் இதே கதைதான். அவருடைய ஓய்வூதியக் காசு வருகிற கணக்கிலிருந்தே எடுத்திருந்தார்கள். "பிள்ளை, நீ எழுதின கடிதத்தை எனக்கும் எழுதித் தா" என்று வந்து நின்றார். அவருக்கு எழுதிக் கொடுத்ததை எல்லோருக்குமாக விரித்து எழுதுகிறேன். கொழும்பில் இப்படியான அழைப்பு வராத ஆள் குறைவு.

1. காசை எடுப்பது யார், எந்த வழியால்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கும் ஓடாதீர்கள். வழி மாறினால் போகவேண்டிய இடமும் மாறும். வங்கிக் கூற்றை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் பெயர், உங்களுக்கு அழைத்தவர் சொன்ன பெயராக இல்லாமல் இருக்கலாம். எனக்கு அழைத்தவர் ஒரு ஹொட்டலின் பெயரைச் சொன்னார். கூற்றில் இருந்ததோ நான் கேள்விப்படாத ஒரு சந்தைப்படுத்தல் கம்பனியின் பெயர். கடிதம் போகவேண்டியது அந்தக் கம்பனிக்கு, பிரதி ஹொட்டலுக்கு.

பொதுவாக நான்கு வழிகள் உண்டு.

கார்டில் தொடர் கட்டணம்: உங்கள் கார்ட் இலக்கத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் அல்லது வருடாவருடம் எடுப்பது. முதல் தடவைக்குப் பிறகு இதற்கு ஓடிபி தேவைப்படாது. ஆகவே "ஓடிபி வரவில்லையே, எப்படி எடுத்தார்கள்?" என்று குழம்பவேண்டாம்.

நிலையான கட்டளை: நீங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்தபடி வங்கியே கணக்கிலிருந்து அனுப்புவது. நிறுத்துவதற்கு இதுதான் எல்லாவற்றிலும் இலேசு. கிளைக்கு எழுதிக் கொடுத்தால் போதும்.

வங்கியே விற்ற சலுகைத் திட்டம்: கடனட்டையோடு சேர்த்து மாதக் கட்டணத்துக்கு ஒட்டிவிட்டது. இதில் உங்கள் எதிர்த்தரப்பு வங்கிதான்.

கைத்தொலைபேசி மீதி: 'ரிவார்ட்ஸ்' என்று ஏதோ ஒரு சேவை நாளுக்கு நாள் சில ரூபா கழிக்கும். முதலில் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு எடுங்கள். இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. கீழே வருவதில் பெரும்பகுதி கார்ட் பற்றியதுதான், ஏனென்றால் பெரிய தொகை போவது அந்த வழியால்.

2. ஆவணங்களை ஒரே நாளில் திரட்டுங்கள்

கோபத்தில் முதலில் தொலைபேசியைத் தூக்கத்தான் கை போகும். அதற்கு முன் ஒரு கோவையை எடுத்து இவற்றைச் சேருங்கள்.

காசு கழிந்ததாக வந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷொட், திகதியும் நேரமும் தெரிய. அந்த மாதக் கூற்று. முதல் வருடம் கழிந்த மாதத்தின் கூற்றும் வேண்டும், ஏனென்றால் இரண்டு தொகையும் ஒன்றா, கூட்டியிருக்கிறார்களா என்று அதில்தான் தெரியும். நான் முதல் வருடம் கட்டியது 24,000. சொல்லாமலே 3,600 ரூபா கூட்டியிருந்தார்கள். அங்கத்துவ இலக்கம், வரவேற்பு மின்னஞ்சல், அதிலுள்ள நிபந்தனைகள். நிபந்தனைகள் இணைப்பாக மட்டும் இருந்தால் உடனே திறந்து முழுவதையும் சேமித்துவையுங்கள். நீங்கள் முறைப்பாடு செய்த பிறகு அந்தப் பக்கத்தின் வாசகம் மாறிவிட்டால் பழையதைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. உங்களுக்கு அழைத்த இலக்கங்கள், அழைத்த திகதிகள். தேசிய அடையாள அட்டையின் பிரதி.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விற்றவர் உங்களுக்கு எழுத்தில் அனுப்பிய எதுவும். என் காசைத் திருப்பித் தந்தது ஒரேயொரு வட்ஸ்அப் செய்தி. சேர்ந்த நாளன்று "அடுத்த வருடம் தானாக எடுக்கமாட்டீர்கள்தானே?" என்று கேட்டிருந்தேன். "இல்லை மேடம், எடுக்க முதல் நாங்கள் அழைத்துக் கேட்போம்" என்று அந்த விற்பனையாளர் ஆங்கிலத்தில் பதில் போட்டிருந்தார். பழைய தொலைபேசியில் கிடந்த அதை மகள்தான் தேடி எடுத்துத் தந்தாள். எஸ்எம்எஸ், வட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாம் வெறும் பேச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவின் சட்ட வலுவை மறுக்க முடியாது.

3. இனி எந்தச் சலுகையையும் தொடவேண்டாம்

வேண்டாம் என்று முடிவெடுத்த நிமிடத்திலிருந்து வவுச்சர், கழிவு, இலவசக் கேக் எதையும் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள். முதல் வருடக் காசையும் நான் கேட்டுப் பார்த்தேன். அந்த வருடம் ஒரு கேக் எடுத்திருந்ததைத் திகதியோடு காட்டினார்கள், அந்தக் காசு கிடைக்கவில்லை. இரண்டாம் வருடத்துக்கு ஒன்றையும் தொடாதபடியால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பொதியாக வந்த வவுச்சர்ப் புத்தகத்தை எறியவும் வேண்டாம். பிரிக்காமல் வைத்திருந்து, படம் எடுத்து, திருப்பி ஒப்படைக்கத் தயார் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

4. இரத்துச் செய்வதை எழுத்தில் செய்யுங்கள்

மார்ச் 5 முதல் 26 வரை நான் பதினொரு தடவை அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுத்தார். "மெனேஜர் மீட்டிங்கில்", "திங்கட்கிழமை எடுப்பார்", "இரத்துச் செய்தாச்சு மேடம், காசு புத்தாண்டுக்குப் பிறகு வரும்" என்றார்கள். பிறகு கேட்டால் இரத்துச் செய்ததாக ஒரு பதிவும் இல்லை. இந்த நாட்களெல்லாம் உங்கள் கணக்கில்தான் கழிகின்றன. வங்கியிலும் அரச அலுவலகத்திலும் முறைப்பாட்டுக்கு நாட்கணக்கு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஒரு தடவை அழையுங்கள், அது போதும். எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அதே நாளில் எழுதுங்கள்.

மின்னஞ்சலில் ஒன்று, பதிவுத் தபாலில் அதே கடிதம். பதிவுத் தபாலுக்குத் தரும் பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள், வெயிலில் அந்த மை மங்கிவிடும். பதிவு செய்யப்பட்ட முகவரி எது என்று தெரியாவிட்டால் பற்றுச்சீட்டிலோ நிபந்தனைகளின் அடியிலோ பாருங்கள்.

தனியார் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்புவது விரைவாக வேலை நடக்க உதவும். ஆங்கிலம் சிரமம் என்றால் பிள்ளைகள் யாரையாவது கொண்டு மாற்றி எழுதுவியுங்கள். உள்ளடக்கம் இதுதான்:

"எனது அங்கத்துவ இலக்கம் இது. இன்றைய திகதியிலிருந்து இந்த அங்கத்துவத்தை இரத்துச் செய்கிறேன். எனது கார்டிலிருந்து எதிர்காலத்தில் எந்தத் தொகையும் எடுக்க உங்களுக்கு இருந்த அனுமதியையும் இத்தோடு மீளப் பெறுகிறேன்.

இந்தத் திகதியில் இந்தத் தொகையை என்னிடம் கேட்காமல் எடுத்துள்ளீர்கள். எடுக்குமுன் அழைத்துக் கேட்பதாக உங்கள் விற்பனையாளர் எனக்கு எழுத்தில் அறிவித்தார் (பிரதி இணைப்பு). இந்த வருடத்துச் சலுகை எதையும் நான் பயன்படுத்தவில்லை.

வரி உட்பட முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள் அதே கார்டுக்குத் திருப்பிச் செலுத்துங்கள். நான் சம்மதித்தேன் என்று நீங்கள் கூறுவதானால், அந்த உரையாடலின் குரல் பதிவை எனக்கு அனுப்புங்கள். எனது கார்ட் விபரங்களையும் தொலைபேசி இலக்கத்தையும் உங்கள் பதிவுகளிலிருந்து நீக்கி எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

பதில் கிடைக்காவிட்டால் எனது வங்கியிடமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடுவேன்."

இதில் மூன்று இடம் கவனம். 'இரத்து' என்பதும் 'அனுமதியை மீளப் பெறுகிறேன்' என்பதும் இரண்டு வேறு விடயங்கள், இரண்டையும் எழுதுங்கள். 'வரி உட்பட' என்பதை விடவேண்டாம். கட்டணத்தில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தரப் பார்ப்பார்கள். 14 நாள் என்பது நான் வைத்த கெடு. சட்டம் வைத்தது என்று எழுதாதீர்கள், பிழையான சட்டம் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

குரல் பதிவு கேட்பது வீண் மிரட்டலாகத் தோன்றலாம். அதைக் கேட்ட பிறகுதான் அவர்களின் பதில்களின் தொனி மாறியது. என்னிடம் வராத பதிவு அது. அனுப்பியிருந்தால் அதில் அவர்கள் சொன்ன உறுதிமொழியும் இருந்திருக்கும்.

அட்டையின் பின்னாலுள்ள மூன்று இலக்கத்தை எவரும் திரும்பக் கேட்டால், "இரத்துச் செய்வதற்குத்தான்" என்றாலும், கொடுக்கவேண்டாம். கார்ட் நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளின்படி அந்த இலக்கத்தைக் கட்டணம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு சேமித்து வைக்கவே கூடாது. இரத்துச் செய்ய அது தேவையும் இல்லை.

5. வங்கியில் இரண்டு வேலை, இரண்டும் வேறு

முதலாவது, இனி எடுப்பதைத் தடுப்பது. இரண்டாவது, எடுத்ததைத் திரும்பப் பெறுவது. கிளையில் போய் "இதை நிறுத்துங்கோ" என்றால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

தடுப்பதற்கு, அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு அதிலிருந்து வரும் தொடர் கட்டணத்தை மறுக்கும்படி எழுதிக் கொடுங்கள். பலரும் செய்வது கார்டை மாற்றுவது. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் பழைய கார்டுக்குப் பதிலாகப் புதியது கொடுக்கப்பட்டால், தொடர் கட்டணம் எடுக்கும் வணிகர்களுக்குப் புதிய இலக்கம் தானாகப் போய்ச் சேரும் ஒரு சேவை உண்டு. வங்கி அதில் சேர்ந்திருந்தால் கார்டை மாற்றியும் பயன் இருக்காது. ஆகவே கார்டை மாற்றினாலும் "இந்த வணிகருக்குப் புதிய இலக்கம் போகக்கூடாது" என்று சேர்த்து எழுதுங்கள்.

திரும்பப் பெறுவதற்கு டிஸ்பியூட் (பிணக்கு) படிவம் ஒன்று உண்டு. வங்கியின் கார்ட் பிரிவில் கேட்டு வாங்குங்கள். இங்கேதான் மிகப் பெரிய பொறி. படிவத்தில் காரணத்தைத் தெரிவு செய்யவேண்டும். "நான் அங்கீகரிக்காத பரிவர்த்தனை" என்ற பெட்டிதான் முதலில் கண்ணில் படும். கார்ட் இலக்கத்தை நீங்களே தொலைபேசியில் சொல்லியிருந்தால் அதில் அடையாளமிடாதீர்கள். அது கார்ட் திருட்டுக்கும் மோசடிக்கும் உரியது. முதல் வருடம் நீங்கள் கொடுத்ததற்கான ஆதாரத்தைக் கம்பனி காட்டினால் உங்கள் முறைப்பாடு முழுவதும் விழுந்துவிடும். அதைவிட, உண்மைக்கு மாறான ஒன்றில் நீங்கள் கையொப்பமிட்டதாகவும் ஆகும்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. இரத்துச் செய்த பிறகும் எடுத்த தொடர் கட்டணம் ஒன்று, சொன்னதற்கு மாறாக, தவறாக வழிநடத்தி எடுத்த கட்டணம் மற்றது. முதலாவது வகைக்கு, காசு எடுத்த திகதிக்கு முன்பே நீங்கள் இரத்துச் செய்திருக்கவேண்டும், அதற்கு எழுத்து ஆதாரமும் வேண்டும். என் விடயத்தில் காசு எடுத்த பிறகுதானே எனக்கே தெரிய வந்தது. ஆகவே கார்ட் பிரிவிலிருந்த உத்தியோகத்தர் இரண்டாவது வகையில் போடச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியே "எடுக்கமாட்டோம் என்று சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். வட்ஸ்அப் செய்தியின் பிரதியை நீட்டினேன்.

நாட்கணக்கு: விசாவும் மாஸ்டர்கார்டும் இப்படியான பிணக்குகளுக்கு வங்கிகளுக்கிடையே பொதுவாக வைத்திருக்கும் எல்லை 120 நாள். அதை நம்பி ஆறுதலாக இருக்கவேண்டாம். உங்கள் கூற்றின் பின்பக்கத்தில் வங்கி அச்சிட்டிருக்கும் எல்லை அதைவிடக் குறுகியதாக இருக்கலாம். அதையே உங்கள் எல்லையாக எடுங்கள்.

இன்னுமொன்று, இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிணக்கு நடக்கிறது என்று கடனட்டைப் பட்டியலைக் கட்டாமல் விடாதீர்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், நிலுவை கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவுக்கும் போகலாம். நாளைக்கு வீட்டுக் கடனோ வாகன லீசிங்கோ கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பிணக்கிலுள்ள தொகையை விலக்கி மற்றதைக் கட்டலாமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் 'ஆம்' வரும்வரை முழுவதையும் கட்டுவதே பாதுகாப்பு. நான் கட்டினேன்.

டெபிட் கார்டாக இருந்தால் காசு ஏற்கனவே கணக்கிலிருந்து போய்விட்டது. அன்ரியின் கதை அதுதான். மருந்து வாங்க வைத்திருந்த காசு. அப்படியானவர்கள் 4ஆம் படியையும் 5ஆம் படியையும் ஒரே நாளில் செய்யுங்கள், ஓய்வூதியம் வரும் கணக்கின் கார்டை இணையத்திலும் தொலைபேசியிலும் கொடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள்.

6. உங்கள் உரிமை எது, எது இல்லை

"14 நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம்" என்று பலர் சொல்வார்கள். அது பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் இணையம், தொலைபேசி வழியாகச் செய்யும் ஒப்பந்தங்களுக்கு உள்ள உரிமை. நமது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அப்படியொரு பொதுவான 'மனம் மாறும் காலம்' எழுதப்படவில்லை. நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளில் இருந்தால் மட்டும் கேட்கலாம். ஆகவே "எனக்கு வேண்டாம், மனம் மாறிவிட்டது" என்று எழுதுவது பலவீனமான கடிதம்.

நமது சட்டத்தில் பலமான இடம் வேறு. 30ஆம் பிரிவு, வியாபாரத்தின்போது பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. ஏமாற்றக்கூடிய நடத்தையும் அதில் அடங்கும். 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகள் பற்றியது: இல்லாத நன்மை இருப்பதாகச் சொல்வது போன்றவை. 32ஆம் பிரிவின்படி, சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வழங்குவதாக ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உள்ளடங்கியதாகக் கொள்ளப்படும். உங்கள் வவுச்சரை ஹொட்டலில் "இந்த மாதம் செல்லாது" என்று திருப்பினார்களா? அதைத் திகதியோடு எழுதிவையுங்கள், இந்தப் பிரிவுகளுக்குப் பொருந்தும்.

ஆகவே கடிதத்தை "என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள்" என்ற இரண்டின் வித்தியாசத்தில் கட்டுங்கள். "முதல் வருடம் இலவசம் என்றார்கள், காசு எடுத்தார்கள்." "கேட்டு எடுப்போம் என்றார்கள், கேட்காமல் எடுத்தார்கள்." அவ்வளவு தெளிவாக இருந்தால் போதும்.

"நிபந்தனையில் 30 நாளுக்கு முன் அறிவிக்கவேண்டும் என்று இருக்கிறதே" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றே: அந்த நிபந்தனையை நான் காசு கொடுக்க முன் காட்டினீர்களா, பின்னா? முதல் வருடம் சேர்ந்த நாளன்று கார்டில் காசு கழிந்த நேரம் பகல் 12.40. வரவேற்பு மின்னஞ்சல் வந்தது மாலை 4.15. இந்த இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. உங்கள் தொலைபேசியிலும் இந்த இரண்டு நேரமும் இருக்கும், பாருங்கள்.

7. முறைப்பாடு: எங்கே, எப்படி

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் அடுத்த நாளே போங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை (பத்திரிகைகளில் 'நுகர்வோர்' என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான்) கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது. குறுகிய இலக்கம் 1977. காலி வீதியால் வருகிறவர்கள் 100 அல்லது 101 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இறங்கி அங்கிருந்து ஓட்டோ எடுக்கலாம். 1977க்கு அழைத்து விபரம் கேட்பது நல்லது, ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். சட்டத்தின் 13ஆம் பிரிவு முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது, விற்பனை அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் என்ற எல்லையையும் வைக்கிறது. மார்ச் 4இல் காசு போனால் ஜூன் 4 என்று நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்தப் பிரிவின் கீழ் விசாரித்து மீறல் என்று கண்டால், இழப்பீடு கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. 30, 31ஆம் பிரிவுகளை மீறுவது குற்றம், அதற்கு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

முறைப்பாட்டுக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். நான் எழுதினேன். கொழும்பில் அரச அலுவலகத்தோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உள்ளது. 'சிங்களம் தெரியாதே' என்று இந்தப் படியை விட்டுவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது எனக்கு மிகவும் வருத்தம். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயரும் முகவரியும், நடந்தவை திகதி வரிசையில், கேட்பது என்ன. ஒன்றரைப் பக்கத்துக்குமேல் போகவேண்டாம். பிரதிகளை மட்டும் இணையுங்கள், மூலத்தை ஒருபோதும் கொடுக்கவேண்டாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பிறகு அந்த முத்திரையிட்ட பிரதியைப் படமெடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் ஏப்ரல் 22இல் அப்படி அனுப்பினேன். விசாரணைக்கு அழைப்பு வர முன்பே, மே 9இல், "தீர்த்துக்கொள்வோம்" என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது.

வங்கியே விற்ற திட்டம் என்றாலும், வங்கி உங்கள் டிஸ்பியூட்டைக் காரணமின்றித் தட்டிக் கழித்தாலும் பாதை வேறு. முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். திருப்தியான பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. இன்னொரு இடம் பம்பலப்பிட்டி வஜிர வீதியில் இருக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் (வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் இடம்), அங்கே கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் "வங்கிக்கு எழுதினீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வங்கிக்கு எழுதாமல் நேரே போனால் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

8. எனக்கு ஆன நாளும் செலவும்

மார்ச் 4: காசு போனது. மார்ச் 27: கடிதமும் மின்னஞ்சலும். ஏப்ரல் 2: வங்கியில் தடுப்பும் டிஸ்பியூட் படிவமும். நடுவில் சித்திரைப் புத்தாண்டு, ஏப்ரல் இரண்டாம் கிழமை முழுவதும் எதுவும் அசையவில்லை. ஏப்ரல் 22: அதிகார சபையில் முறைப்பாடு. மே 16: 27,600 ரூபாவும் கார்டில் வரவு. மார்ச் 5ஆம் திகதியே கடிதத்தை அனுப்பியிருந்தால் புத்தாண்டுக்கு முன் பெரும்பகுதி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பதிவுத் தபால் இரண்டு, போட்டோப் பிரதிகள், ஓட்டோ எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,800 ரூபா. இரண்டு அரைநாள் லீவு. சட்டத்தரணி தேவைப்படவில்லை. "நாங்கள் காசை எடுத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். அன்ரிக்கு அப்படியும் ஒரு அழைப்பு வந்தது.

தீர்த்துக்கொள்வோம் என்று வரும்போது ஒரு கவனம். எனக்கு முதலில் கேட்டது "காசுக்குப் பதிலாக இரண்டு வருட அங்கத்துவம்". பிறகு "பாதித் தொகை". இரண்டுக்கும் ஒரே வரியில் மறுப்பு எழுதினேன். காசு கார்டில் வரவாகும் வரை "பிரச்சினை தீர்ந்தது" என்ற எந்தப் படிவத்திலும் கையொப்பமிடவேண்டாம், முறைப்பாட்டை மீளப் பெறவும் வேண்டாம்.

9. வெளிநாட்டுத் தளத்தில் சிக்கியிருந்தால்

விமானச் சீட்டோ பொருளோ வாங்கி முடித்ததும் "அடுத்த தடவைக்குக் கழிவு பெற இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு பெட்டி வரும். அழுத்தினால் ஒரு சலுகைக் கழகத்தில் இலவசக் காலத்துக்குச் சேர்ந்துவிடுவீர்கள், பிறகு மாதாமாதம் பவுணிலோ டொலரிலோ போகும். தொகை சிறியதாக இருப்பதால் மாதக்கணக்கில் கண்ணில் படாது.

அந்தத் தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து நுழைந்து இரத்துச் செய்யுங்கள், உறுதிப்படுத்தும் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விசாவின் விதிப்படி இலவசக் காலம் முடிய ஆகக்குறைந்தது 7 நாளுக்கு முன் வணிகர் உங்களுக்கு அறிவித்திருக்கவேண்டும். அப்படியொரு அறிவிப்பு வரவில்லை என்றால் (குப்பை மின்னஞ்சலிலும் தேடிப் பாருங்கள்) டிஸ்பியூட் படிவத்தில் அதை எழுதுங்கள். வெளிநாட்டுக் கம்பனியின் விடயத்தில் நமது அதிகார சபையை நம்பியிருப்பதைவிட வங்கிவழியே வேகம்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளின் கார்டில் அம்மா அப்பாவுக்குச் சீட்டு எடுத்து, அதில் இப்படிச் சிக்கினால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: அங்கே 2013ஆம் ஆண்டின் பாவனையாளர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளின் கீழ் 14 நாள் இரத்து உரிமை உண்டு. தொடர் கட்டணத்தை நிறுத்தும்படி நேராக வங்கியிடமே சொல்லலாம், "முதலில் கம்பனியிடம் போ" என்று வங்கி திருப்பி அனுப்பக்கூடாது.

10. காசு வந்த பிறகு

அடுத்த மூன்று மாதக் கூற்றை வரி வரியாகப் பாருங்கள். வந்த தொகை முழுத் தொகையா, அதனால் ஏறிய வட்டியோ தாமதக் கட்டணமோ இருந்தால் அதையும் வங்கி கழித்ததா என்று சரிபாருங்கள். கார்ட் விபரம் நீக்கியதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். புதுப்பித்த திகதி எதுவோ, அதற்கு ஒரு கிழமை முன்னால் அடுத்த வருடத்துக்கான நினைவூட்டலைத் தொலைபேசியில் போடுங்கள். நான் பெப்ரவரி 25இல் போட்டிருக்கிறேன். கோவையையும் அதுவரை எறியாமல் வைத்திருக்கிறேன். அன்ரியுடையது இன்னும் முடியவில்லை. அவருடைய மூன்று மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, திங்கட்கிழமை காலை இருவரும் வொக்ஸோல் வீதிக்குப் போகிறோம்.